சங்கத்துக்கு ஓர் இணையதளம்: செய்ய வேண்டியவையும் தவிர்க்க வேண்டியவையும்

ஓர் அமைப்பைத் தொடங்கினால் முன்பெல்லாம் முதலில் ரப்பர் முத்திரை செய்வார்கள். அடுத்து கடிதத்தாள் அச்சிடுவார்கள். இப்போது முதல் கூட்டத்திலேயே "இணையதளம் வேண்டும்" என்று தீர்மானம் போடுகிறோம். நல்லதுதான். ஆனால் ஆரம்பசூரத்தனமாகத் தொடங்கி அப்படியே கைவிடப்பட்ட தளங்கள் ஏராளம். 1990-லேயே டெக்னோபார்க் உருவான திருவனந்தபுரத்தில் கணிப்பொறி தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. குறை நுட்பத்தில் இல்லை, நாம் திட்டமிடுவதில்தான் இருக்கிறது.

என் அனுபவத்தையே சொல்கிறேன். நான் சார்ந்திருந்த ஒரு சிறு அமைப்பு 2004-இல் ஒரு தளம் அமைத்தது. சாலைக் கடைத்தெருவில் வணிகம் செய்த பெரியவர்கள் சிலரைக் கண்டு பேசி, அவர்கள் குடும்பங்கள் இங்கு வந்த கதையையும், 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த நாளின் நினைவுகளையும் அதில் எழுதி வைத்தோம். தளத்தை அமைத்த இளைஞர் தம் பெயரிலேயே முகவரியைப் பதிவு செய்திருந்தார். வேலை கிடைத்து வெளிநாடு போனார். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்புகள் அவர் பயன்படுத்தாமல் விட்டுவிட்ட மின்னஞ்சலுக்கே போயின. 2011-இல் கெடு முடிந்தது. நாங்கள் விழித்துக்கொண்டபோது அந்த முகவரியில் யாரோ சூதாட்ட விளம்பரம் போட்டிருந்தார்கள். அந்தப் பெரியவர்களில் இன்று ஒருவரும் இல்லை.

இதிலிருந்து கற்ற பாடங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

முகவரி யாருடையது?

இணைய முகவரியை நாம் விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்கே எடுக்கிறோம். .காம், .ஆர்க் போன்றவற்றை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதிவு செய்யலாம். கெடு தாண்டினால் மீட்டுக்கொள்ளச் சில வாரங்களே கிடைக்கும். அதன்பின் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எனவே அமைப்பின் பெயரில், அமைப்பின் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். கடவுச்சொல் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதியை நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதி, பொறுப்பு கைமாறும்போது சாவிக்கொத்தோடு இதையும் ஒப்படையுங்கள்.

இலவச இடத்தை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்தே. ஒரு காலத்தில் தமிழர் பலர் வீட்டுப்பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. பிரதி எடுத்து வைக்காதவர்கள் எழுதியதெல்லாம் போயிற்று.

எந்த எழுத்தில் எழுதுவது?

தமிழ்த் தளங்களுக்கே உரிய சிக்கல் இது. தொண்ணூறுகளில் தகுதரம், டாம், டாப் என்று பல குறியீட்டு முறைகள் இருந்தன. குறிப்பிட்ட எழுத்துரு நம் கணிப்பொறியில் இல்லையென்றால் தமிழுக்குப் பதில் புள்ளியும் கொம்பும் வைத்த ரோமன் எழுத்துகளே தெரியும். இன்று அந்தக் குழப்பத்துக்கு விடை யூனிகோடு. தமிழக அரசும் 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முதலில் தகுதரத்தில் நூல்களை ஏற்றியது. பின்னர் யூனிகோடுக்கு மாற்றியது. அதனால்தான் அந்நூல்களை இன்று கைபேசியிலும் படிக்க முடிகிறது.

யூனிகோடிலும் கவனம் வேண்டும். 'ஔவை' என்று எழுதுவதற்குப் பதில் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து 'ஒளவை' என்று தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியும். கணிப்பொறிக்கு அவை வேறு வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமல் போகலாம்.

படமாக ஏற்றாதீர்கள்

மலரின் பக்கங்களை ஒளிப்படமாக எடுத்து அப்படியே ஏற்றுவது நாம் அதிகம் செய்யும் தவறு. படத்திலுள்ள எழுத்தை எல்லாத் தேடுபொறிகளும் சரியாகப் படித்துவிடும் என்று நம்ப முடியாது. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு ஆகும். பத்தாயிரம் குறிகள் கொண்ட கட்டுரைகூட 30 கிலோபைட்டுதான். கைபேசியில் எடுத்த ஒரே படம் அதைப்போல் நூறு மடங்கு இருக்கும். கட்டுரையைத் தட்டச்சு செய்து ஏற்றுங்கள். படங்களைச் சுருக்கிப் போடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கம் சேர்த்து, பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிட்டால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அதைத் தமிழிலேயே படித்துக்காட்ட வழி பிறக்கும்.

பாட்டியும் படிக்க வேண்டும்

மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து, ஓடும் வரிகள், திறந்தவுடன் ஒலிக்கும் பாட்டு ஆகியவற்றை அறவே தவிருங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக்கூடாது என்பது அனைத்துலக வழிகாட்டு நெறி. ஏற்றுமுன் வீட்டிலுள்ள மூத்தவரிடம் கைபேசியைக் கொடுத்து, "அடுத்த கூட்டம் எப்போது என்று பாருங்கள்" எனச் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் அவர் கண்டுபிடித்துவிட்டால் தளம் தேறிவிட்டது.

இங்குள்ள நம் பிள்ளைகள் சிலர் தமிழ் பேசுவார்கள். ஆனால் மலையாள எழுத்தே பழக்கம். அவர்களுக்காக முக்கியச் செய்திகளை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் சுருக்கமாகத் தரலாம். தமிழைக் குறைக்க அது காரணமாகிவிடக்கூடாது.

வீட்டு விவரம் வெளியே வேண்டாம்

உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள், வீட்டு முகவரிகள் கொண்ட பட்டியலைப் பொதுப்பக்கத்தில் போடாதீர்கள். மோசடிக்காரர்களுக்கு அது விருந்து. ஆண்டுவிழாவில் ஆடிய குழந்தைகளின் படங்களைப் பெற்றோர் சம்மதமின்றி வெளியிடுவதும் தவறு.

எங்கள் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 1996-இல் தொடங்கிய இணைய ஆவணகம் பழைய இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கிறது. அதில் எங்கள் பக்கங்கள் சில கிடைத்தன. தகுதரத்தில் இருந்ததால் முதலில் ஒன்றும் புரியவில்லை. எழுத்து மாற்றியில் இட்டதும் தமிழாகிவிட்டது. சில பேட்டிகள் மீண்டன. படங்கள் பெரும்பாலும் மீளவில்லை.

மீண்டவற்றைத் தாளில் அச்சிட்டு மூன்று வீடுகளில் வைத்திருக்கிறோம். நீங்களும் ஆண்டுக்கு ஒருமுறை தளம் முழுவதையும் பிரதி எடுத்து வையுங்கள். பொதுக்குழுவில் வரவுசெலவுக் கணக்கோடு அதையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.