படகில் வந்தவனும் படகில் போனவனும்

உங்களுக்குச் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு இருக்கிறது என்று சிறிது நேரம் வைத்துக் கொள்ளுங்கள். பெரிய கப்பல் ஒன்றும் அல்ல. 35 அடி நீளம், உள்ளே இரண்டு பேர் படுக்க இடம், ஓர் அடுப்பு, எப்போதும் ஆடிக் கொண்டேயிருக்கும் ஒரு மேஜை. கூட வருவது உங்கள் மனைவி ஒருத்திதான். (இதைப் படிப்பது மனைவியானால் கணவரை அழைத்துக் கொண்டு புறப்படலாம். சமையலும் அவரே செய்வார் என்று மட்டும் நம்பிக் கொண்டு போக வேண்டாம்.)

வீட்டைப் பூட்டிவிட்டுப் படகிலேயே குடித்தனம் நடத்தும் தம்பதிகள் ஐரோப்பாவில் இன்று நிறையப் பேர் உண்டு. ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர். பெரும்பாலும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். வெயிலைத் தேடித் தெற்கே வரும் அவர்கள் ஸ்பெயின் தேசத்துத் துறைமுகங்களில் படகைக் கட்டிவிட்டு, பஸ் ஏறி உள்நாட்டைப் பார்த்து வருகிறார்கள். அந்தத் தேசத்தைப் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது என்பது என் அபிப்பிராயம். ஸ்பெயினின் சரித்திரத்தில் வந்தவர்கள் பலரும் கடல் வழியாகவே வந்தார்கள். போனவர்கள் பலரும் கடல் வழியாகவே போனார்கள். ரயிலில் போகிறவர்கள் கொல்லைப்புறமாக நுழைகிறார்கள். நாம் வாசல் வழியாகப் போவோம், வாருங்கள்.

முதலில் அட்லாண்டிக் கரையில் காதிஸ் நகரம். கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பே பினீஷிய வியாபாரிகள் கப்பலில் வந்து குடியேறிய ஊர். இங்கேயுள்ள மியூசியத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கல்லாய்ப் படுத்திருக்கிறார்கள். மனித உருவம் செதுக்கிய பினீஷியக் கல் சவப்பெட்டிகள் அவை. ஆண் 1887ல் அகப்பட்டான். அவனுக்கு ஒரு ஜோடி இருந்தே தீர வேண்டும் என்று நம்பிய பெலாயோ கிந்தெரோ என்ற ஆராய்ச்சியாளர் வருஷக் கணக்காகத் தேடினார். ஊரெல்லாம் தோண்டினார். கிடைக்காமலே 1946ல் காலமானார். 1980ல் ஒரு கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது அந்தப் பெண் வெளியே வந்தாள். எந்த இடத்தில் என்கிறீர்கள்? கிந்தெரோவின் சொந்த வீடு இருந்த மனையிலேதான்! அவர் வசித்த வீட்டுக்குக் கீழேயே அவள் படுத்திருந்திருக்கிறாள். இருவரும் உண்மையில் ஒரே காலத்தவர் அல்ல என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதைப் பார்த்தால், தம்பதிகள் இல்லை என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை.

காதிஸுக்கு வடக்கே சான்லூகார் என்ற ஊரில் குவாதல்கிவிர் நதி கடலில் கலக்கிறது. 'பெரிய ஆறு' என்ற அரபுச் சொல்தான் இப்படித் திரிந்தது. இங்கிருந்து செவில் நகரம் ஏறக்குறைய 90 கிலோ மீட்டர் உள்ளே. கடல் ஏற்றம் தொடங்கியதும் ஆற்று முகத்தில் நுழைந்துவிட்டால் போதும். ஏற்றமே படகைத் தள்ளிக் கொண்டு போகும். இடது பக்கம் தோன்யானா சதுப்பு நிலம், பூநாரைகள். பிறகு நம் ஊர் மாதிரியே நெல் வயல்கள். 1519 செப்டம்பரில் மகெல்லன் ஐந்து கப்பல்களுடன் இந்த ஆற்று முகத்திலிருந்துதான் புறப்பட்டான். மூன்று வருஷம் கழித்து ஒரே ஒரு கப்பல், 18 பேருடன், வயிறு நிறையக் கிராம்பைச் சுமந்து கொண்டு திரும்பி வந்தது. மகெல்லன் அதில் இல்லை. பிலிப்பைன்ஸ் தீவில் 1521ல் கொல்லப்பட்டான். அவனை வழியனுப்பிய மனைவி பெயாத்ரிஸ் அந்தக் கப்பலைப் பார்க்கவும் இல்லை. அது வந்து சேரும் முன்பே அவள் செவில் நகரில் கண்ணை மூடிவிட்டாள். உலகத்தைச் சுற்றி வந்த முதல் கப்பலைப் பற்றி எழுதுகிறவர்கள் அவளுக்கு ஒரு வரிக்கு மேல் இடம் தருவது அபூர்வம்.

செவில் நகரத்து மாதா கோயிலில் கொலம்பஸின் பெட்டியை நான்கு ராஜ்யங்களைக் குறிக்கும் உருவங்கள் தோளில் சுமந்து நிற்கும் சிலையைப் பார்த்துவிட்டுக் கடலுக்குத் திரும்புவோம். அந்த மனிதனின் எலும்புகள் இறந்த பிறகும் அட்லாண்டிக்கைத் தாண்டி ஸாந்தோ தொமிங்கோ, ஹவானா எல்லாம் போய் 1899ல்தான் இங்கே திரும்பி வந்தன. பிரயாண ஆசை அப்படி!

அடுத்தது ஜிப்ரால்டர் ஜலசந்தி. இங்கேதான் உங்கள் மனைவிக்கும் உங்களுக்கும் முதல் வாக்குவாதம் வரும். காற்றைப் பற்றி அல்ல, காற்று மோசந்தான். 'லெவாந்தே' என்னும் கொண்டல் எழுந்தால் நாட்கணக்கில் அடிக்கும். துறைமுகத்தில் உட்கார்ந்து கொண்டு பொறுத்திருக்க வேண்டியதுதான். இப்போதைய பயம் திமிங்கில இனத்தைச் சேர்ந்த ஓர்க்கா என்ற பிராணியைப் பற்றியது. சூரை மீனைத் துரத்திக் கொண்டு இங்கே வரும் இந்தக் கூட்டத்தில் 40 கூட இல்லை. 2020லிருந்து இவை பாய்மரப் படகுகளின் சுக்கானை முட்டி உடைக்கும் பழக்கத்தைப் பிடித்துக் கொண்டிருக்கின்றன. சில படகுகள் முழுகியும் போயின. கோபமா, விளையாட்டா? விளையாட்டு என்றே பல நிபுணர்கள் கருதுகிறார்கள். சுக்கான் போன பிறகு அந்த வித்தியாசம் நமக்கு ஆறுதல் தருமா என்று தெரியவில்லை.

கரையை ஒட்டி ஆழமில்லாத ஜலத்திலேயே போக வேண்டும். அவை வந்துவிட்டால் படகை நிறுத்தாமல் கரைப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது ஸ்பெயின் சர்க்கார் சொல்லும் யோசனை. கரையை ஒட்டிப் போனாலோ, வசந்த காலத்தில் சூரைக்காகக் கட்டும் பெரிய வலைகள் வழியை மறிக்கும். "பஸ்ஸில் போயிருக்கலாமே?" என்று மனைவி கேட்டால் பதில் சொல்லாதீர்கள். அட்லாண்டிக் ஜலம் மத்தியதரைக் கடலுக்குள் ஓடிக் கொண்டேயிருக்கிறது; அங்கே வெயிலில் ஆவியாகிப் போவதை ஈடு செய்ய வேண்டுமல்லவா? அந்த ஓட்டம் உங்களையும் உள்ளே இழுத்துக் கொண்டு போய்விடும். மிகக் குறுகலான இடத்தில் வெறும் 14 கிலோ மீட்டருக்கு அப்பால் ஆப்பிரிக்கா தெரியும். 711ல் தாரிக் படையோடு தாண்டி வந்தது இந்தத் தூரத்தைத்தான். ஜிப்ரால்டர் என்ற பெயரே 'தாரிக்கின் மலை' என்பதன் மரூஉ.

இன்னும் இரண்டு மூன்று நாள் கிழக்கே போனால் அல்முன்யேகார். சின்ன ஊர். மேலே ஒரு கோட்டை. பூங்காவில் பினீஷியர் காலத்தில் மீனுக்கு உப்புப் போட்ட தொட்டிகள். சந்தையில் நம் சீத்தாப்பழத்தின் தாயாதியான 'சிரிமோயா' குவியல் குவியலாக. அராபியர் கொண்டு வந்த கரும்பும் இந்தக் கரையில் ஆயிரம் வருஷம் விளைந்தது. கடைசிச் சர்க்கரை ஆலை மூடியது 2006ல். கடற்கரையில் தலைப்பாகையுடன் ஒரு சிலை நிற்கிறது. அவன்தான் நம் தலைப்பில் வரும் முதல் ஆசாமி.

750ல் டமாஸ்கஸ் நகரில் உமையா வம்சத்தாரை எதிரிகள் தேடித் தேடிக் கொன்றார்கள். அப்துர் ரஹ்மான் என்ற 20 வயது இளவரசன் தன் தம்பியோடு யூப்ரடீஸ் நதியில் குதித்தான். "திரும்பி வாருங்கள், ஒன்றும் செய்யமாட்டோம்" என்று கரையில் நின்ற வீரர்கள் கூப்பிட்டார்கள். களைத்துப்போன தம்பி அதை நம்பித் திரும்பினான். நடு ஆற்றிலிருந்து அண்ணன் பார்த்துக் கொண்டிருக்கும்போதே தம்பியின் தலை உருண்டது. அதன் பிறகு ஐந்து வருஷம் ஆப்பிரிக்கக் கரையோரமாக ஒளிந்து அலைந்து, 755ல் ஒரு படகில் வந்து இந்த அல்முன்யேகாரில் இறங்கினான். மறு வருஷம் கோர்தோவாவில் அரசன்! கோர்தோவாவின் பெரிய மசூதிக்கு அஸ்திவாரம் போட்டவனும் அவன்தான்.

இங்கே படகைப் பத்திரமாகக் கட்டிவிட்டு, கிரனடாவுக்குப் பஸ் ஏறுங்கள். அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு முன்கூட்டியே சீட்டு வாங்கிவிட வேண்டும். உள் மாளிகைக்கு இன்ன மணிக்கு என்று அதில் எழுதியிருக்கும், தவறினால் வாசலோடு சரி. உள்ளே போன பிறகு வர்ணிப்பதற்கு எனக்குத் தைரியம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: கண்ணை மூடிக் கொண்டு சற்று நில்லுங்கள். எங்கே நின்றாலும் ஜலம் ஓடும் சப்தம் கேட்கும். பல கிலோ மீட்டருக்கு அப்பால் தாரோ நதியிலிருந்து வாய்க்கால் வெட்டி மலைமேல் கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு கல் சிங்கங்கள் அதை இன்றும் துப்பிக் கொண்டிருக்கின்றன.

1492 ஜனவரி 2ந் தேதி கடைசி மூர் அரசன் போவப்தில் இந்தக் கோட்டையை பெர்தினாந்து, இசபெல்லா தம்பதிகளிடம் ஒப்படைத்தான். அதைக் கண்ணால் பார்த்ததாகக் கொலம்பஸ் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறான். மார்ச் 31ந் தேதி இதே கிரனடாவில் இன்னொரு கட்டளை: யூதர்கள் ஜூலை முடிவதற்குள் தேசத்தை விட்டு வெளியேற வேண்டும். ஆகஸ்டு 3ந் தேதி பாலோஸ் துறையிலிருந்து கொலம்பஸ் பாய் விரித்தான். (இன்றைக்கும் கெடு உண்டு. 2021லிருந்து ஆங்கிலத் தம்பதிகள் 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. காலண்டரில் கட்டம் கட்டமாக அடித்துக் கொண்டிருக்கிறார்கள், பாவம். ஆனால் அவர்களுக்குத் திரும்பிப் போக வீடு இருக்கிறது.)

திரும்பும் வழியில் ஒரு கணவாய் வரும். 'மூரின் பெருமூச்சு' என்று அதற்குப் பெயர். போவப்தில் இங்கே நின்று கடைசியாக நகரத்தைப் பார்த்து அழுதானாம், "ஆண்மையோடு காக்க முடியாததற்கு இப்போது அழுகிறாயா?" என்ற பொருளில் அவன் தாயார் ஏசினாளாம். இது பிற்காலத்துக் கட்டுக்கதையாகவே தோன்றுகிறது. சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் இந்தக் கதையைக் கேட்டுத் தலையை ஆட்டுகிறார்கள். அவர்கள் கேட்காமல் விடுவது மனைவியின் கதை.

அவள் பெயர் மொராய்மா. 1483ல் லூசேனா யுத்தத்தில் அவள் தகப்பனார் மாண்டார். அதே யுத்தத்தில் கணவன் சிறைப்பட்டான். கணவன் விடுதலையாக வேண்டுமானால் குழந்தையைப் பணயமாக அனுப்ப வேண்டும் என்றார்கள். அனுப்பினாள். மூத்த மகன் திரும்பிக் கைக்கு வந்தது கிரனடா விழுந்த பிறகு, ஏறக்குறைய ஒன்பது வருஷம் கழித்து. மகன் கிடைத்தான், ராஜ்யம் போயிற்று. அல்புஹாரா மலையில் கொடுக்கப்பட்ட சிறிய ஜமீனில் குடும்பம் ஒன்றாக இருந்தது ஒன்றரை வருஷத்துக்கும் சற்றுக் கூட. அதையும் விற்றுவிட்டு ஆப்பிரிக்காவுக்குப் போவது என்று தீர்மானமாயிற்று. கப்பல் புறப்படுவதற்குள் மொராய்மா இறந்துவிட்டாள். மொந்தூஹார் என்ற கிராமத்தில் அவளை அடக்கம் செய்தான். பஸ் அந்தக் கிராமத்துக்குக் கீழே, நெடுஞ்சாலையில், வேகமாகப் போய்விடும். ஜன்னல் பக்கம் மனைவியை உட்கார வையுங்கள். மலைச் சரிவில் வெள்ளை வீடுகளும் ஓர் இடிந்த கோட்டையும் தெரியும், அவ்வளவுதான்.

மறுநாள் விடியற்காலை அல்முன்யேகாரில் கயிற்றை அவிழ்த்தால், நல்ல காற்று இருந்தால், மாலைக்குள் அட்ரா போய்ச் சேரலாம். சுமார் 60 கிலோ மீட்டர். அட்ராவில் பார்க்க அதிகம் இல்லை. மீன் பிடிக்கும் படகுகள், ஐஸ் பெட்டிகள், உலர்த்திய வலைகள். 1493ல் போவப்தில் தாயாருடனும் குழந்தைகளுடனும் கப்பல் ஏறியது இந்தத் துறையில். அப்துர் ரஹ்மான் வந்து இறங்கி அப்போது 738 வருஷம் ஆகியிருந்தது. நீங்கள் காலைக் காப்பிக்கும் சாயங்காலச் சாப்பாட்டுக்கும் நடுவே கடந்து வந்த தூரம்.

துறைமுகத்துக்குள் நுழையுமுன் சுக்கானை மனைவியிடம் கொடுத்துவிட்டு வடமேற்கே திரும்பிப் பாருங்கள். சியரா நெவாடா மலைத்தொடர் தெரியும். அதன் உச்சிச் சிகரம் 3,479 மீட்டர். முலாசென் என்று பெயர். போவப்திலின் தகப்பனார் முலே ஹசனின் பெயர்தான் அது. தெளிவான நாளில் தெற்கே ஆப்பிரிக்காவை நோக்கிப் போகும் கப்பலிலிருந்து கரை மறைந்து வெகு நேரம் ஆன பிறகும் அந்தச் சிகரம் கண்ணுக்குத் தெரிந்து கொண்டேயிருக்கும்.

மீனவர்கள் கயிறு வாங்கக் கை நீட்டுகிறார்கள். உங்கள் மனைவி முன்னால் போய் நின்று கொண்டு, எந்தப் பக்கம் எறிய வேண்டும் என்று கேட்கிறாள்.