பீட்ரூட்டின் மண்வாடை நீங்க

இரத்தசோகைக்குச் சிகிச்சை பெற வரும் தாய்மார்கள் பலர், பீட்ரூட் நல்லதென்று அறிந்தும் அதன் மண்வாடையால் வாயில் வைக்க முடியவில்லை என்கின்றனர். அவ்வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்னும் பொருள். கோடைக்குப் பின் ஆண்டிபட்டியில் முதல் மழை விழும்போது எழும் மணத்திலும் அதுவே உள்ளது. தோலில் அது மிகுதி. ஆகவே தோலைச் சற்றுத் தடிப்பாகச் சீவுங்கள். புளிப்பு அதனைத் தணிக்கும். பொரியலை இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழியலாம். துருவி வதக்கி, ஆறியதும் தயிரில் கலந்து, கடுகும் பச்சை மிளகாயும் தாளித்தால் பிள்ளைகளும் மறுப்பதில்லை. எங்கள் வீட்டில் கடலைப்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்த பொரியலுக்கே முதலிடம்.

நிறம் சிவப்பு என்பதால் அது இரத்தமாகிவிடாது. 100 கிராம் பீட்ரூட்டில் இரும்புச்சத்து ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான். ஃபோலேட் சத்தே அதன் சிறப்பு. மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாறு மட்டும் குடித்து, முன்னிலும் வெளுத்துப்போய் வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். மாத்திரை தொடரட்டும், பீட்ரூட்டுடன் முருங்கைக்கீரையும் இருக்கட்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்வோரும் இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தோரும் சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் உள்ளோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே உண்ண வேண்டும்.

பீட்ரூட் உண்டபின் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். இரும்புச்சத்துக் குறைந்தோரிடம் இது சற்று அதிகம். அஞ்ச வேண்டாம். உண்பதை நிறுத்தி இரண்டு நாளாகியும் நிறம் தெளியாவிட்டாலோ, வலியோ எரிச்சலோ இருந்தாலோ உடனே வந்து காட்டுங்கள்.