உங்களுக்குத் தெரியுமா? கேம்பிரிட்ஜைவிட இங்கே மழை அதிகம்!

பச்சைப்பசேலென்ற கிழக்கு இங்கிலாந்துக் கிராமங்களைவிட, 'வானம் பார்த்த பூமி' என்று பெயரெடுத்த அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில்தான் மழை கூடுதல். கேம்பிரிட்ஜ் வட்டாரத்தில் ஆண்டுக்கு 600 மி.மீ.கூட எட்டாது. இந்தச் சீமை இருக்கும் விருதுநகர் மாவட்டத்தின் சராசரியோ 800 மி.மீ.க்கு மேல்.

• அங்கே ஆண்டு முழுக்கப் பரவலாகத் தூறும். குளிரில் ஈரம் தங்கும். இங்கே ஏறக்குறையப் பாதி மழை அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு வெயில் குடிக்கும்.

• அதனால்தான் ஊருக்கு ஊர் கண்மாய். ஒன்று நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். சில மாத மழையை அதற்குப் பிறகும் நீட்டத் தெரிந்த அபாரமான ஏற்பாடு இது.

• கரிசல் மண் தன்னைத்தானே உழுதுகொள்ளும்! கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். பொடிந்த மேல்மண் வெடிப்புக்குள் விழும். மழை பட்டதும் மண் உப்பி, வெடிப்பு மூடிக்கொள்ளும். அப்படிப் பிடித்துவைத்த ஈரத்தில், மழை நின்ற பிறகும் பருத்தி விளையும்.

• மானாவாரிச் சோளமும் கம்பும் மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியிலேயே விதைக்கப்படுவதுண்டு.