போர்ப் பதக்கங்கள்: மெய்யும் பொய்யும்

விருதுநகரில் மிளகாய் வற்றலும் பருப்பும் கொள்முதல் செய்யும் வணிகர், மூட்டையின்மேல் அச்சிட்டுள்ள பெயரை நம்பி விலை பேசுவதில்லை. நடு மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பி, நிறம் பார்த்து, மணம் நுகர்ந்து, அதன் பின்னரே விலை கூறுவார். சிவகாசிக் கம்பி மத்தாப்பில் இரும்புத் தூள் பொன்னிறப் பொறிகளைச் சிதறும். அலுமினியத் தூள் வெண்ணிற ஒளி தரும். பொருள் தன் இயல்பைத் தானே சொல்லிவிடுகிறது. கேட்கும் பொறுமைதான் நமக்கு வேண்டும். இப்பொறுமை பழம்பொருள் சேகரிப்போர்க்கு இன்றியமையாதது. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானியப் பதக்கங்களின் போலிகளை இனங்காணும் முறையை ஈண்டு நோக்குவோம்.

ஜெர்மானியப் பதக்கத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். 1914 செப்டம்பர் 22 அன்று சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய ஜெர்மானியக் கப்பலின் பெயரே, ‘எம்டன்’ என்று நம் பேச்சு வழக்கில் நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டவர்களுள் இந்தியப் படையினரும் இருந்தனர். மறுபுறம், வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட இந்திய வீரர்களுட் பலரைக் கொண்டு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் ஒரு படையணியை அமைத்தார். இந்து, முஸ்லிம், சீக்கியர் என்ற வேறுபாடின்றி அனைவரும் அதில் ஒன்றாகப் பணிபுரிந்தனர். அவ்வீரர்களுக்காக 1942-இல் ‘ஆசாத் ஹிந்த்’ விருதுகள் தோற்றுவிக்கப்பட்டன. ஆகவே இப்பதக்கங்கள் நம் வரலாற்றோடும் பின்னியவை. நாஜிக் கொள்கையின் கொடுமையை உலகம் அறியும். அதன் சின்னத்தைப் போற்றுவது நம் நோக்கமன்று. சான்றுப் பொருள் மெய்யானதாக இருத்தல் வேண்டும் என்பதே நம் நோக்கம்.

முதலில் ‘இரும்புச் சிலுவை’ எனப்படும் பதக்கத்தைக் காண்போம். 1813-இல் பிரஷ்ய மன்னரால் தோற்றுவிக்கப்பெற்ற இது, 1939-இல் ஸ்வஸ்திகச் சின்னத்துடன் மீண்டும் நிறுவப்பட்டது. போர்க்காலப் பதக்கம் பொதுவாக மூன்று துண்டுகளால் ஆனது: நடுவே கருமை பூசிய இரும்புத் தகடு, முன்னும் பின்னும் அதனைத் தழுவிப் பற்றவைக்கப்பட்ட வெண்ணிற உலோகச் சட்டங்கள். விளிம்பை உருப்பெருக்கியால் நோக்கினால் இரு சட்டங்களும் கூடுமிடத்தில் மெல்லிய இணைப்புக் கோடு தென்படும். மலிவான போலியோ ஒரே வார்ப்பில் உருவானது. அதில் இணைப்பு இராது. வார்ப்பில் காற்றுக் குமிழிகள் விட்ட நுண்குழிகள் தெரியும். எழுத்தின் ஓரங்கள் கரைந்த வெல்லம் போல மழுங்கியிருக்கும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த போலி, உலோகம் குளிர்ந்து சுருங்குவதால், அசலைவிடச் சற்றுச் சிறுத்துவிடும். எனவே நுண்ணளவுகோலும் தராசும் சேகரிப்பாளரின் இரு கண்கள் எனலாம்.

காந்தமும் துணை செய்யும். ஆயினும் அதனை மட்டும் நம்பிவிடலாகாது. அசல்களிலேயே சில, துருப்பிடிக்காதிருக்கும் பொருட்டு இரும்பல்லாத உலோக நடுத்தகடு கொண்டவை. நடுவில் ஸ்வஸ்திகத்துக்கு மாறாக ஓக் இலைகளும் கீழே 1939 என்ற ஆண்டும் காணப்படின், அது போர்க்காலத்தது அன்று. மேற்கு ஜெர்மனியின் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் வந்த வடிவம். அதனைப் போர்க்களத்தில் கிடைத்ததென்று விற்பவர் அறியாதவராகவோ ஏமாற்றுபவராகவோதான் இருத்தல் வேண்டும்.

அடுத்து நாடா. வங்கிகளில் ரூபாய்த் தாளைச் சோதிக்கும் புற ஊதா விளக்கின்கீழ் நாடாவைக் காட்டினால், பிற்காலச் செயற்கை இழையும் வெண்மையூட்டும் வேதிப்பொருளும் நீலவெண்மையாய் ஒளிரும். ஆனால் பழைய பதக்கத்தில் எவரேனும் புதிய நாடா கோத்திருக்கவும் கூடும். நாடா பொய்யென்பதால் பதக்கமும் பொய்யாகிவிடாது. விருதுடன் வரும் சான்றிதழைச் சோதிக்கச் சிவகாசி அச்சகத் தொழிலாளியின் கண்ணே போதும். பேனாவால் இட்ட கையொப்பத்தில் மை தாளின் இழைகளில் ஊறியிருக்கும்; அச்சிட்ட நகல் கையொப்பமோ உருப்பெருக்கியின்கீழ்ப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும்.

இவையனைத்தையும் வெல்லும் போலியும் உண்டு. ஆசாத் ஹிந்த் விருதுகளைச் செய்தளித்தது வியன்னா நகரின் சூவால் நிறுவனம். போர் முடிந்த பின்னரும் அந்நிறுவனத்திலிருந்து மறுபதிப்புகள் சேகரிப்பாளர் சந்தைக்கு வந்தன. செய்தவர் மெய்; காலம் பொய்! இத்தகைய பொருளில் உலோகம் மட்டும் தீர்ப்பளித்துவிடாது. யாருக்கு வழங்கப்பட்டது, எவர் கைவழி வந்தது என்பதற்கான ஆவணமே தீர்ப்பளிக்கும். 1943-இல் நேதாஜி சிங்கப்பூர் வந்தபோது மலேயாத் தமிழர் பலர் அவர் படையில் சேர்ந்தனர். அந்நினைவைப் போற்றும் குடும்பங்களிடம் போலி ஆசாத் ஹிந்த் பதக்கத்தை விற்பது பணத்தை மட்டும் கவரும் செயலன்று. தியாகத்தின் பெயரால் செய்யும் வஞ்சகமாகும்.

இனி நம் வீட்டுப் பேழைக்கு வருவோம். முதல் உலகப் போருக்காக வழங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் பெரும்பாலும் வெள்ளியால் ஆனது. 36 மில்லிமீட்டர் விட்டமுடையது. அதன் விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். பெயரை அராவி நீக்கி வேறு பெயர் பொறிப்போரும் உளர். அவ்வாறு செய்யின் விட்டம் குறையும், விளிம்பும் மெலியும். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களைப் பிரிட்டன் தன் வீரர்க்குப் பெயரின்றியே வழங்கியது. இந்திய வீரர்க்கு வழங்கியவற்றிலோ பெயர் பொறிக்கப்பட்டது. இது நமக்கு வாய்த்த அரும்பேறு.

அப்பேற்றை நாம் பேணினோமா? 1980-இல் வெள்ளி விலை உச்சத்தைத் தொட்டபோது இவ்வகைப் பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. நாமறிந்த குடும்பமொன்றில் பாட்டனார் பதக்கத்தை எடைக்குப் போட்டுப் பெயர்த்திக்குக் கொலுசு வாங்கினர். பின்னாளில் அதே வீட்டு இளைஞர் ஒருவர் ‘இரும்புச் சிலுவை’ ஒன்றைப் பெருவிலை கொடுத்து வாங்கிவந்து பெருமையுடன் நம்மிடம் காட்டினார். விளிம்பில் இணைப்பில்லை, எழுத்துகள் மழுங்கியிருந்தன. அதைச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை, ஆயினும் சொன்னோம். பாட்டனார் பதக்கத்தின் விளிம்பில் என்ன எழுதியிருந்தது என்றும் வினவினோம். அவ்வீட்டில் எவரும் அதனைப் படித்திலர்.

மாணவச் செல்வங்களே, இவ்விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியோரிடம் பழைய பதக்கம் உண்டா என்று கேளுங்கள். இருப்பின் அதனைத் தேய்த்து மெருகேற்றாதீர்கள். விளிம்பில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் படியெடுத்து, அவரைப் பற்றிப் பெரியோர் கூறுவதையும் அருகே குறித்து வையுங்கள். அயல்நாட்டுப் போலியை இனங்காணும் கூர்மை நமக்கு வேண்டுவதே. அதனினும் முன்னதாக, நம் வீட்டு மெய்யை எடைக்குப் போடாதிருக்கும் அறிவு வேண்டும்.