உதிரும் நெல்லும் உதிராத நெல்லும்

நாவிதன்வெளி வட்டைகளில் வெள்ளாமை வெட்டுக்கு வரும் நாட்களில் வரம்பில் நின்று பார்த்தால், பயிருக்கு மேலே தலைநீட்டும் சில கதிர்கள் கண்ணில் படும். தட்டினால் பொலபொலவென்று உதிரும். உமியை உரித்தால் அரிசி பெரும்பாலும் சிவந்திருக்கும். களைநெல் இதுதான்.

இது உதிர, நாம் விதைத்த நெல் ஏன் கதிரிலேயே நிற்கிறது? நெல்லின் காட்டு உறவான ஒரைசா நிவாரா நம் உலர் வலயக் குளக்கரைகளில் வளரும் புல். முற்றிய மணியைச் சேற்றில் உதிர்த்தால்தான் அதற்கு அடுத்த தலைமுறை உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாவரப் பரிணாமத்தை ஆராய்ந்த தாவ் சாங் குழுவினர், இந்த நிவாராவைப் பயிர் நெல்லோடு கலந்து பார்த்தார்கள். மணி காம்பிலிருந்து கழன்று விழுவதைப் பெரிதும் தீர்மானிப்பது எஸ்எச்4 என்ற மரபணு என்று 2006இல் அறிவித்தார்கள். அது உண்டாக்கும் புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியதால் உதிர்வு குறைந்தது.

அந்த மாற்றம் தானாக நேர்ந்தது. அதை நிலைக்க வைத்தவர்கள் ஆதி விவசாயிகள். உதிர்ந்த மணி நிலத்தோடு போயிற்று; கதிரில் ஒட்டியிருந்தது வீட்டுக்கு வந்து, மறுபோகம் விதையாயிற்று. இப்படியே எத்தனையோ தலைமுறை!

களைநெல் இதே பாதையில் திரும்பி நடக்கிறது. நாம் வெட்டுமுன் உதிர்ந்து, மண்ணில் கிடந்து, அடுத்த போகத்தில் விதைப்போடு சேர்ந்து முளைக்கிறது. முளையில் பயிரையும் அதையும் பிரித்தறிவது மிகக் கடினம். ருகுணு பல்கலைக்கழகத்தின் டிஸ்னா ரத்னசேகரவும் பங்கேற்ற 2014ஆம் ஆண்டு ஆய்வு, இலங்கைக் களைநெல்லின் மரபணு வேறுபாட்டைப் பெருக்குவதில் விதை வழியே நடக்கும் கலப்புக்குப் பெரும் பங்குண்டு என்றது. ஆகவே சுத்தமான விதைநெல்லும், வயல் மாறுமுன் வெட்டு மெசினைக் கழுவுவதும் சின்ன விசயமல்ல.

அதற்காகக் காட்டு நெல்லைப் பகையாகப் பார்க்கக் கூடாது. கபிலநிறத் தத்தி பரப்பும் குட்டை வைரஸ் 1970களில் ஆசிய வயல்களை வாட்டியபோது, பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 6,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தது. எதிர்ப்புச் சக்தி கிடைத்தது உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த ஒரு நிவாராவில்தான். அதைச் சேர்த்து உருவான ஐஆர்36 ரகம் 1976இல் வெளிவந்தது.

இலங்கைக்கு மட்டுமே உரிய காட்டு நெல்லும் உண்டு. டங்கன் வாகன் 1990இல் தனி இனமாக விவரித்த ஒரைசா ரைசோமாட்டிஸ் அது. குளக்கரையை நிரப்பும் ஒவ்வொரு லோடு மண்ணும் இத்தகைய புற்களைப் புதைக்கக்கூடும் என்பதுதான் என் கவலை. கோடையில் மேலே தழை காய்ந்தாலும், மண்ணுக்கடியில் ரைசோமாட்டிஸின் கிழங்குத்தண்டு உயிரோடு கிடந்து மாரி மழைக்குத் துளிர்க்கும்.