பொதிகை என்னும் பெயர்: சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தின் சார்பு மாற்றங்கள்

தமிழ் முதுகலை மாணாக்கரும் ஆய்வாளரும் எழுதும் ஏடுகளை மதிப்பிடுங்கால் ஒரு தொடர் அடிக்கடி கண்ணிற்படுகின்றது. '1978இல் பொதிகைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நாடகம்' என்பது போன்ற தொடர் அது. 1978இல் பொதிகை என்னும் பெயருடைய தொலைக்காட்சி யாண்டும் இருந்ததில்லை. சென்னையில் ஒரு நிலையம் இருந்தது. அது வேறு பெயரோடும் வேறு சார்போடும் இருந்தது. இதனைச் சிறு பிழை என்று விடுதற்கில்லை. சங்ககால ஊரொன்றிற்கு நாயக்கர் காலத்துப் பெயரை இட்டு வழங்கினால் நாம் பொறுத்துக் கொள்வோமா? நிலையத்தின் சார்பு யாது என அறியாதவிடத்து, அதன்வழி வந்த தமிழ் யாருடைய தமிழ், எவர்க்காக எழுந்த தமிழ் என்பதும் மயங்கிவிடும். அம் மயக்கத்தை நீக்குதலே இக் கட்டுரையின் கருத்து.

சார்பு மாற்றத்தை அறியச் சான்று எத்துணை இன்றியமையாதது என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசலை அடுத்த சித்தன்னவாசல் நல்ல எடுத்துக்காட்டு. ஆங்குள்ள அறிவர் கோயிலின் ஓவியங்கள் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தன என்றே முதற்கண் பலர் கொண்டனர். பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக் கோயிலைப் புதுக்கி முகமண்டபம் எடுப்பித்தான் என்னும் கல்வெட்டு அங்கேயே உள்ளது. அதனைக் கருதிய பின்னரே பாண்டியர் பணி இன்னதென்பது தெளிந்தது. புதுக்கியவன் கல்லிற் பொறித்து வைத்தமையின் ஆயிரத்தொரு நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் வழக்குத் தீர்கின்றது. நாம் வாழுங் காலத்திலேயே பலமுறை சார்பு மாறிய ஒளிபரப்பு நிலையமோ அத்தகைய கல்வெட்டு எதனையும் விட்டுச் செல்லவில்லை. அதன் பெயர்களே அதற்குரிய கல்வெட்டுகள்.

தொலைக்காட்சியின் தாய் வானொலி. இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் அகில இந்திய வானொலியின் ஓர் உறுப்பாகவே, அதுவும் சோதனை முயற்சியாகவே, தோன்றிற்று. ஆதலின் தமிழகத்து வானொலி வரலாற்றை ஒரு சிறிது தொட்டுச் செல்லல் வேண்டும். சென்னை வானொலி 1938 ஜூன் 16இலும், திருச்சிராப்பள்ளி வானொலி 1939 மே 16இலும் தொடங்கின. நாடு விடுதலை பெற்றபொழுது இந்திய ஒன்றியத்துள் இருந்த வானொலி நிலையங்கள் ஆறு. அவற்றுள் இரண்டு தமிழ்நாட்டின. திருச்சி நிலையம் தொடங்கிய காலத்தில் அன்னவாசல் புதுக்கோட்டைத் தனியரசின்கீழ் இருந்தது. அத் தனியரசு 1948 மார்ச்சுத் திங்களில் திருச்சி மாவட்டத்தோடு இணைந்தது; 1974 ஜனவரி 14இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. ஊரின் அரசியற் சார்பு மாறியபோதும் அதன் செவிக்கு எட்டிய நிலையம் திருச்சியாகவே இருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. புதுக்கோட்டைப் பெருங்களூரைச் சார்ந்த அகிலன், தி. ஜானகிராமன், மீ. ப. சோமு முதலிய எழுத்தாளர் பலர் வானொலியிற் பணியாற்றினர். அப்பணி அவர்தம் உரைநடைக்குத் தந்தது யாது என்பது தனியே ஆராய்தற்குரியது.

பெயர்ப் பூசல் வானொலியிலேயே தொடங்கிவிட்டது. மைசூரில் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி 1930களில் தம் முயற்சியால் நிறுவிய சிறு நிலையத்திற்கு இட்ட பெயர் 'ஆகாசவாணி'. 1950களில் நடுவணரசு அதனை எடுத்துத் தன் நிலையங்கள் அனைத்திற்கும் உரியதாக்கிற்று. தமிழ்நாட்டில் மறுப்பு எழுந்தது. மக்கள் நாவில் 'வானொலி' என்னும் சொல்லே நின்றது. நிலையத்தார் வெளியிட்ட தமிழ் நிகழ்ச்சி இதழின் பெயரும் 'வானொலி' என்பதே. எனினும் தில்லியிலிருந்து அஞ்சலாகி வந்த தமிழ்ச் செய்தி 'ஆகாசவாணி' என்றே தொடங்கும். சரோஜ் நாராயண்சுவாமியின் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர்க்கு அச் சொல் வடசொல்லாகத் தோன்றாது, ஒரு குரலின் முகவரியாகவே தோன்றியிருக்கும். கொள்கை வேறு, பழக்கம் வேறு. பழக்கத்தின் ஆற்றலைச் சொல்லாராய்ச்சியாளர் குறைத்து மதிப்பிடலாகாது. 2023 மே திங்களில் 'ஆல் இந்தியா ரேடியோ' என்னும் பெயரை நீக்கி ஆகாசவாணி என்னும் ஒரு பெயரையே எங்கும் வழங்குக என்னும் ஆணை வந்தபொழுது பழைய மறுப்பு மீண்டும் தலையெடுத்தது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு இரண்டு திங்களும் நிரம்பாத காலம் அது; செய்தித் தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. பிறந்த பொழுதில் அது வானொலியின் பிள்ளை. 1976 ஏப்ரல் முதல் நாள் தொலைக்காட்சி வானொலியினின்றும் பிரிந்து 'தூர்தர்ஷன்' என்னும் தனித்துறையாயிற்று. இதுவே முதற் சார்பு மாற்றம். ஏழரைத் திங்களே நீடித்த அம் முதற்பருவத்தை நம் நூல்கள் பெரும்பாலும் குறிப்பதில்லை. ஆயினும் தொடக்க நிகழ்ச்சிகள் பலவற்றின் அமைப்பு வானொலி வழியதே. உழவர்க்குரிய 'வயலும் வாழ்வும்', நேயர் மடல்களுக்கு விடை கூறும் 'எதிரொலி' என்னும் பெயர்களை நோக்குக. ஓசையை நினைந்து வைத்த பெயர் காட்சிக்கும் ஆகிவந்துள்ளது. திரைப்பாடல் நிகழ்ச்சியாகிய 'ஒளியும் ஒலியும்' என்பதிலேதான் ஒளி முன்னே வந்து நிற்கின்றது.

இதனுடன் மற்றொன்றும் கருதத்தக்கது. வானொலியின் தலைமையான தமிழ்ச் செய்தியறிக்கைகள் தில்லியில் ஆங்கிலத்தினின்று பெயர்க்கப்பட்டுத் தில்லியிலேயே படிக்கப்பட்டன. தொலைக்காட்சித் தமிழ்ச் செய்தியோ சென்னையிற் படிக்கப்பட்டது. ஷோபனா ரவி, வரதராஜன் முதலியோரின் ஒலிப்பு ஒரு காலத்தில் நாடறிந்த செய்தித் தமிழாயிற்று. லகர, ளகர, ழகர வேறுபாட்டைப் பள்ளி ஆசிரியர் கற்பித்ததினும் மிகுதியாக அவர் ஒலிப்பால் அறிந்த இல்லங்கள் உண்டு.

ஆனால் அத் தமிழ் அன்னவாசலை எட்டிற்றா? இவ் வினாவிலேதான் வரலாற்றின் முடிச்சு உள்ளது. தொலைக்காட்சி அலை ஏறத்தாழ நேர்க்கோட்டிற் செல்வது. கோபுரத்தினின்றும் நூறு கிலோமீட்டர் அளவில் அதன் ஆற்றல் தேய்ந்துவிடும். அன்னவாசல் சென்னைக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. 'சென்னை நிலையம்' என்று கூறினும், தொடங்கிய காலத்தில் அது சென்னைக்கும் சுற்றுப்புறத்திற்குமே நிலையமாயிற்று. 1982 ஆகஸ்டு 15ஆம் நாள் செயற்கைக்கோள் வழியே தேசிய நிகழ்ச்சியும் வண்ண ஒளிபரப்பும் தொடங்கின. 1984ஐ ஒட்டி நாடெங்கும் குறைந்த ஆற்றலுடைய அஞ்சல் நிலையங்கள் விரைந்து எழுந்தன. இவை தமக்கென நிகழ்ச்சி இல்லாதவை. செயற்கைக்கோளினின்று தில்லி நிகழ்ச்சியைப் பெற்று அவ்வாறே பரப்புபவை. இலக்கண நூலார் எழுத்தை முதலெழுத்து, சார்பெழுத்து எனப் பகுப்பர். சார்பெழுத்துத் தனித்தியங்காது; தன்னைத் தாங்கும் எழுத்துக்கேற்பவே ஒலிக்கும். அஞ்சல் நிலையமும் அத்தகையதே. தமிழகத்து உள்ளூர்களில் அவை எழுந்தபொழுது, தமிழ்ச் சிற்றூர்கள் பல தொலைக்காட்சியை முதன்முதற் கண்டது இந்தியிலும் ஆங்கிலத்திலுமே ஆயிற்று. தம் தலைநகரின் தமிழ் பின்னரே வந்து சேர்ந்தது.

அக் காலத்தில் கடலோரத்தில் வியப்பான நிலையொன்று இருந்தது. இலங்கையில் 1982 பிப்ரவரி 15இல் தொடங்கிய ரூபவாகினி சிங்களத்தோடு தமிழிலும் நிகழ்ச்சி வழங்கிற்று. தமிழகத்தின் தென்கிழக்குக் கடலோர ஊரினர் உயர்ந்த கம்பங்களில் ஆன்டெனாவை நிறுத்தித் தென்கிழக்கு நோக்கித் திருப்பி அதனைக் கண்டனர். தம் அரசின் நிலையத்தினின்று தமிழ் எட்டாத வீட்டில் அயல்நாட்டு நிலையத்துத் தமிழ் எட்டிற்று. வீட்டுக் கூரைமேல் நின்ற அக் கம்பத்தின் திசையே அவ் வீட்டின் சார்பைக் காட்டியது எனலாம். 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலைமீது எழுந்த உயராற்றற் கோபுரம் சென்னை நிகழ்ச்சிகளை உள்மாவட்டங்களுக்குக் கொணர்ந்த பின்னரே கம்பங்கள் மேற்கு நோக்கித் திரும்பின. ஆகவே 1980களின் தொலைக்காட்சித் தமிழ் தமிழ்நாடு முழுவதையும் ஒருசேரத் தாக்கிற்று என்று எழுதுவோர் இந் நிலவியலை மறந்தோராவர்.

1990களில் சார்பு மீண்டும் மாறிற்று. நடுவணரசு மாநில மொழிகள் தோறும் செயற்கைக்கோள் அலைவரிசை அமைத்தபொழுது மலையாளத்திற்கு 4, தமிழுக்கு 5, தெலுங்கிற்கு 8, கன்னடத்திற்கு 9 என எண் அளித்தது. சென்னை நிலையம் 'டிடி 5' ஆயிற்று. மொழிக்கு எண்ணைப் பெயராக இட்ட அம் முறை அலுவலகக் கோப்பிற்குப் பொருந்தும். மக்கள் உள்ளத்தில் வேர்கொள்ளாது. 1993 ஏப்ரல் 14ஆம் நாள் சன் தொலைக்காட்சி தோன்றிற்று. ராஜ், விஜய், ஜெயா என்பன தொடர்ந்தன. நிலையத்திற்குத் தமிழ்ச்சொல்லைப் பெயராக்கிய 'மக்கள் தொலைக்காட்சி' 2006இலேதான் வந்தது.

இவற்றுள் விஜய் தொலைக்காட்சி நம் பொருளுக்கு ஒப்புமை தருவது. 1994இல் கோல்டன் ஈகிள் கம்யூனிகேஷன் என்னும் பெயரில் தொடங்கிய அந் நிலையம், விஜய் மல்லையாவின் குழுமத்திற்குக் கைமாறியபொழுது அவர் பெயரைப் பெற்றது. பின்னர் யூடிவி, 2001 முதல் ஸ்டார், 2019இல் டிஸ்னி, 2024இல் ஜியோஸ்டார் என உடைமை மாறிக்கொண்டே வந்துள்ளது. பெயர் தந்தவர் நீங்கியும் பெயர் நீங்கவில்லை. அங்கே பெயர் நிலைக்க உடைமை மாறிற்று. சென்னை நிலையத்திலோ உடைமை நிலைக்கப் பெயர் மாறிற்று. வணிகன் பழகிய பெயரை முதலாகக் கருதிக் காக்கின்றான். அரசு அதனை முத்திரையாகக் கருதி மாற்றுகின்றது.

1990இல் நிறைவேறிய பிரசார் பாரதிச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1997 நவம்பர் 23இல் வானொலியும் தொலைக்காட்சியும் அத் தன்னாட்சிக் கழகத்தின்கீழ் அமைந்தன. 1976இல் பிரிந்த தாயும் மகவும் ஒரு குடைக்கீழ் மீண்டனர். அதன் பின்னரே டிடி 5 என்னும் எண்பெயர் நீங்கிப் 'பொதிகை' என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. இப்பெயர் அகத்தியரையும் தமிழ்த் தோற்றம் பற்றிய மரபுக் கதையையும் நினைவூட்டுவது. தென்றலோடு சேர்த்துப் புலவர் பாடுவது. சங்க நூல்களில் இம்மலையின் பெயர் பொதியில், பொதியம் என வரும்; பொதிகை என்பது பிற்கால வடிவம். பொதியில் என்பதற்குப் பலரும் கூடும் பொதுவிடம், மன்றம் என்னும் பொருளும் பழைய வழக்கில் உண்டு. பொதுமக்கள் பணத்தால் இயங்கும் நிலையத்திற்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைதல் அரிது. பெயரிட்டோர் இப்பொருளையும் கருதினர் என்று கூறின் அது மிகையாகும். எனினும் தற்செயலாக வாய்த்த பொருளும் பொருளே.

2024 ஜனவரி 19ஆம் நாள் சென்னைக்கு வந்த தலைமை அமைச்சர் நரேந்திர மோதி, புதுப்பிக்கப்பெற்ற அலைவரிசையை 'டிடி தமிழ்' என்னும் பெயரில் தொடங்கி வைத்தார். பெயரில் தமிழ் என்னும் சொல்லே வந்துவிட்டதனால் இது முன்னேற்றம் என்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. எண்பெயரினும் இது சிறந்ததே. ஆயினும் 'டிடி தமிழ்' என்னுந் தொடரில் முன்னிற்பது டிடி. தமிழ் அதன் வகைகளுள் ஒன்றைக் குறிக்கும் அடையாளமாகவே நிற்கின்றது. பொதிகை தனித்து நின்ற பெயர். என் மதிப்பில் இழப்பே மிகுதி.

இனி, ஆய்வாளர்க்கு நேரும் இடர் ஒன்று. ஒளிநாடா விலை மிக்கதாக இருந்த நாளில், ஒளிபரப்பு முடிந்ததும் அழித்து அதன்மேல் வேறு நிகழ்ச்சியைப் பதிதல் உலகெங்கும் நிலையங்களில் இருந்த வழக்கம். தூர்தர்ஷனும் அதற்கு விலக்கன்று. ஆதலின் 1970, 1980களின் நாடகங்களுக்கும் உரைகளுக்கும் நாளிதழ்களின் நிகழ்ச்சி நிரலும் எழுத்தாளர் வைத்திருந்த கைப்படிகளுமே பெரும்பாலும் சான்றாகின்றன. அக் கைப்படிகளை இப்பொழுதே தேடிப் படியெடுத்தல் வேண்டும். இணையத்திற் கிடைக்கும் பழைய நிகழ்ச்சிகள் பின்னாளைய முத்திரையுடன் மறு ஒளிபரப்பான வடிவங்களாகவும் இருக்கக்கூடும். திரையின் மூலையிற் பொதிகை முத்திரை உண்மையால் அந்நிகழ்ச்சி பொதிகைக் காலத்தில் ஆக்கப்பட்டது என முடிவு செய்தல் பிழையாம். ஆக்கிய நாளையும் ஒளிபரப்பிய நாளையும் வேறு வேறாகக் குறித்தல் வேண்டும்.

மேற்கோள் காட்டுங்கால் 1975 ஆகஸ்டு முதல் 1976 மார்ச்சு வரையுள்ளனவற்றை அகில இந்திய வானொலியின் சென்னைத் தொலைக்காட்சி என்றும், 1976 ஏப்ரல் முதல் சென்னைத் தூர்தர்ஷன் என்றும், செயற்கைக்கோள் அலைவரிசையாகிய பின் டிடி 5 என்றும், பெயர் மாறிய பின் பொதிகை என்றும், 2024 ஜனவரி 19 முதல் டிடி தமிழ் என்றும் எழுதுக. நிகழ்ச்சி எவ்வூரிற் காணப்பட்டது என்பது ஆய்வுப் பொருளாயின், அவ்வூர்க்கு அந்நாளில் எட்டிய கோபுரம் எது என்பதனையும் உடன் குறிக்க.