'செட்' பல் வாயில் நிற்கலையா? ஸ்க்ரூ பல்லுக்கு எவ்வளவு ஆகும்? செயினை அடகு வைக்கும் முன் கணக்கு கேளுங்க!

சேலம்:

சேலத்தில் சாயங்காலம் ஆகிவிட்டால் தெருமுனையில் தட்டுவடை செட் கடையைச் சுற்றி கூட்டம் கூடிவிடும். பேரன் ஆசையாக ஒரு பிளேட் வாங்கி வந்து நீட்டினால், "எனக்கு வேணாம் சாமி, நீயே சாப்பிடு" என்று தள்ளி வைக்கும் பாட்டிகள் எத்தனையோ வீடுகளில் உண்டு. ஆசை இல்லாமல் இல்லை. கடிக்க பல் இல்லை.

பல் 'செட்' கட்டியவர்களுக்கும் நிம்மதி கிடையாது. மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஓரளவு நின்றுவிடும். கீழ் செட் தான் பாடாய்ப் படுத்தும். பேசினால் ஆடும், தும்மினால் கழன்று கையில் வரும். கடைசியில் செட் டம்ளர் தண்ணீரிலேயே கிடக்கும். பாட்டி ரசம் சோற்றைக் கரைத்துக் குடித்துக்கொண்டு இருப்பார்.

பார்க்கப் பொறுக்காமல் பிள்ளைகள் பல் டாக்டரிடம் கூட்டிப் போகிறார்கள். "ஸ்க்ரூ வச்சு கட்டிடலாம்" என்று சொல்லி, லட்சத்தில் ஒரு தொகையும் சொல்கிறார்கள். அன்று ராத்திரியே வீட்டில் மூன்று பவுன் செயினை அடகு வைக்கும் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது.

அந்த செயின் அடகுக் கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள் இதோ...

ஸ்க்ரூ பல் என்றால் என்ன?

டைட்டானியம் உலோகத்தில் செய்த சின்ன ஸ்க்ரூவை தாடை எலும்புக்குள் பதிக்கிறார்கள். இதைத்தான் 'இம்ப்ளான்ட்' என்கிறார்கள். எலும்பு அந்த ஸ்க்ரூவோடு இறுகப் பிணைந்துகொள்ளும். பிறகு அதன் மேல் பல்லையோ, செட்டையோ மாட்டுவார்கள்.

டைட்டானியம் எலும்போடு இப்படிப் பிணையும் என்பதை 1952-ல் கண்டுபிடித்தவர் சுவீடன் நாட்டு டாக்டர் பிரானெமார்க். 1965-ல் முதல் நோயாளிக்கு அதை வைத்தார். ஆக, இது புதுசாக வந்த வித்தை இல்லை. அறுபது வருஷமாக நடக்கிற வைத்தியம் தான்.

கீழ் செட் ஏன் நிற்பதில்லை?

பல் போன இடத்தில் எலும்புக்கு வேலை இல்லை. வேலை இல்லாத எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். முதல் வருஷத்தில் தான் அதிகம் கரையும். மேடு தேய்ந்து தாடை சமதளம் ஆகிவிட்டால், செட்டுக்குப் பிடிமானம் ஏது? போதாததற்கு நாக்கும் கீழ் செட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டு ஸ்க்ரூ பிடித்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

3 வகை, 3 விலை

இதில் தான் பலரும் குழம்புகிறார்கள். எல்லாப் பல்லுக்கும் ஒவ்வொரு ஸ்க்ரூ வைக்க வேண்டும் என்று நினைத்து பயந்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஆளுக்கும் ஊருக்கும் விலை மாறும் என்றாலும், தனியார் கிளினிக்குகளில் தோராயமாக நிலவரம் இது தான்:

1. சாதா செட்: ஸ்க்ரூ கிடையாது. மேல், கீழ் இரண்டுக்கும் சேர்த்து 10 ஆயிரம் முதல் 30 ஆயிரம் ரூபாய் வரை.

2. கிளிப் செட்: கீழ்த் தாடையில் 2 ஸ்க்ரூ. செட்டை அதன் மேல் சட்டைப் பித்தான் மாதிரி 'டக்'கென்று அமுக்கி மாட்டலாம். ராத்திரி கழற்றிக் கழுவலாம். கீழ்த் தாடைக்கு மட்டும் 60 ஆயிரம் முதல் ஒரு லட்சத்து 20 ஆயிரம் வரை ஆகலாம்.

3. நிரந்தரப் பல்: ஒரு தாடைக்கு 4 முதல் 6 ஸ்க்ரூ. டாக்டர் தான் கழற்ற முடியும். ஒரு தாடைக்கே ஒன்றரை லட்சம் முதல் மூன்று லட்சம், அதற்கு மேலும் போகும்.

பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு 2 ஸ்க்ரூ வைத்த கிளிப் செட்டை முதல் தேர்வாகச் சொல்லலாம் என்று 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களே கருத்து சொல்லியிருக்கிறார்கள். எனவே, மூன்றாவது வகையை மட்டும் காட்டி தொகை சொன்னால், "ரெண்டு ஸ்க்ரூ போதாதா டாக்டர்?" என்று தைரியமாகக் கேட்கலாம். தப்பே இல்லை.

விலை ஏன் இடத்துக்கு இடம் மாறுது?

இருதயத்துக்கு வைக்கும் ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்ச விலை வைத்தது. அதே வருஷம் ஆகஸ்டில் செயற்கை மூட்டுக்கும் வைத்தது. பல் ஸ்க்ரூவுக்கு அப்படி உச்ச விலை கிடையாது. உள்நாட்டு ஸ்க்ரூ, கொரியா ஸ்க்ரூ, ஐரோப்பா ஸ்க்ரூ என்று கம்பெனிக்கு ஒரு ரேட். டாக்டர் கூலி, லேப் செலவு, கிளினிக் வாடகை எல்லாம் அதன் மேல் ஏறும்.

சொல்லாமல் விட்ட செலவு

"ஒரு ஸ்க்ரூ 25 ஆயிரம்" என்று போர்டில் இருந்தால், அது பல்லோடு சேர்த்தா, வெறும் ஸ்க்ரூவுக்கு மட்டுமா என்று முதலில் கேளுங்கள். உதாரணத்துக்கு ஒரு கிளிப் செட் கணக்கைப் பாருங்கள்:

ஸ்க்ரூ 2 - 50,000 ரூபாய்
செட்டைப் பிடிக்கும் கிளிப் 2 - 12,000
புது கீழ் செட் - 10,000
தாடை ஸ்கேன் - 3,000
மொத்தம் - 75,000 ரூபாய்

"ஐம்பதாயிரம் தானே" என்று கிளம்பியவர்களுக்கு இன்னொரு 25 ஆயிரம் இப்படித்தான் முளைக்கிறது. எலும்பு போதவில்லை என்று எலும்புத்தூள் வைத்தால் அது தனி. இருக்கிற சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் அது தனி.

வேலை முடிந்த பிறகும் செலவு உண்டு. கிளிப்புக்குள் இருக்கும் நைலான் வளையம் தேய்ந்துபோகும். வருஷத்துக்கு ஒரு தரம் மாதிரி மாற்ற வேண்டி வரும். செட்டும் ஆயுசுக்கும் வராது. சில வருஷத்தில் அடிப்பக்கம் சரி செய்ய வேண்டும், அப்புறம் புதுசு கட்ட வேண்டும்.

ஒரே நாளில் முழுப்பணம் தேவையா?

தேவை இல்லை. ஸ்க்ரூ வைத்த பிறகு எலும்பு பிடிக்க பெரும்பாலும் கீழ்த் தாடைக்கு 3 மாசம், மேல் தாடைக்கு 6 மாசம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். ஆகவே ஸ்க்ரூ வைக்கும் போது ஒரு பங்கு, கிளிப் மாட்டும் போது ஒரு பங்கு, செட் கொடுக்கும் போது மிச்சம் என்று பிரித்துக் கட்டுகிறேன் என்று பேசிப் பாருங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். நடுவில் கிடைக்கும் மாசங்களில் சீட்டுப் பணமோ, போனஸோ கைக்கு வரலாம். கடன் குறையும்.

'வட்டி இல்லா' தவணை... உஷார்!

கிளினிக்கிலேயே இ.எம்.ஐ. போட்டுத் தருகிறார்கள். 75 ஆயிரத்தை 18 சதவீத வட்டியில் 24 மாசத் தவணையாகக் கட்டினால் மாசம் சுமார் 3,745 ரூபாய். இரண்டு வருஷத்தில் கட்டி முடிப்பது சுமார் 89,900. வட்டி மட்டும் 15 ஆயிரத்தை நெருங்குகிறது.

"வட்டியே கிடையாது" என்று சொன்னால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். வட்டியை பிராசஸிங் கட்டணம் என்ற பெயரில் மறைப்பதை ரிசர்வ் வங்கியே 2013-ல் கண்டித்திருக்கிறது. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் உண்டு. "கையில் ரொக்கமா கட்டினா எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேளுங்கள். ஐயாயிரம் குறைப்பேன் என்றால், அந்த ஐயாயிரம் தான் ஒளிந்திருக்கும் வட்டி.

2024 அக்டோபர் 1 முதல், இது மாதிரி தனிநபர் கடன் தரும் வங்கியும் பைனான்ஸ் கம்பெனியும் எல்லாக் கட்டணமும் சேர்த்த வருஷ வட்டி எவ்வளவு என்று ஒரு விவரத்தாள் கொடுத்தே ஆக வேண்டும். அதை வாங்கிப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகைக் கடன் வட்டி அதைவிடக் குறைவாக இருந்தால், செயினை வங்கியில் வைப்பதே லாபம். ஆனால் திருப்பும் தேதி தப்பினால் செயின் ஏலத்துக்குப் போகும். மறக்கக் கூடாது.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

சாதாரண மருத்துவ பாலிசிகளில் பல் கட்டுவதற்கு பெரும்பாலும் பணம் கிடைக்காது. விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் தான் சில பாலிசிகள் கொடுக்கும். வேலை செய்யும் இடத்தில் அடிபட்டுப் பல் போனவர்கள் இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் முதலில் அங்கே போய்க் கேட்பது நல்லது.

குறைந்த செலவுக்கு எங்கே போகலாம்?

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் முதலில் காட்டலாம். சென்னையில் கோட்டை ரயில் நிலையம் அருகே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடலூர் மாவட்டத்திலும், 2023-ல் இருந்து புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மேற்படிப்பு படிக்கும் டாக்டர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் சிகிச்சை செய்வார்கள். கிளினிக்கைவிட கட்டணம் பொதுவாகக் குறைவு. ஆனால் நாலைந்து தரம் அலைய வேண்டும். பஸ் செலவு, விடுப்புக் கூலி எல்லாம் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

யாருக்கு சரிப்படாது?

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு புண் ஆறாது. பீடி, சிகரெட் விடாதவர்களுக்கு ஸ்க்ரூ பிடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது. நன்றாகச் செய்தால் நூற்றுக்கு தொண்ணூறுக்கு மேல் நிற்கும் என்கிறார்கள். மீதி உள்ளவர்களுக்கு எடுக்க வேண்டி வரலாம்.

எழுதி வாங்குங்க

பணம் கட்டும் முன் இந்த ஐந்தையும் பேப்பரில் எழுதிக் கேளுங்கள்:

* எத்தனை ஸ்க்ரூ, எந்தக் கம்பெனி?
* ஸ்கேன், கிளிப், செட் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?
* எந்தக் கட்டத்தில் எவ்வளவு கட்ட வேண்டும்?
* ஸ்க்ரூ பிடிக்காமல் போனால் மறுபடி யார் செலவு?
* வருஷா வருஷம் பராமரிப்புக்கு எவ்வளவு?

ஸ்க்ரூ டப்பாவில் கம்பெனி பெயர், நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதையும் வாங்கி ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். பின்னால் வேறு ஊரில் காட்ட நேர்ந்தாலும் உதவும்.

வாயைத் திறந்து கணக்கு கேட்பதால் எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார். இன்னொரு டாக்டரிடமும் ஒரு தரம் காட்டிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு எடுங்கள். பாட்டி தட்டுவடை கடிக்க வேண்டியது தான். அதற்காகக் கழுத்தில் இருக்கும் செயின் ஏலத்துக்குப் போக வேண்டியதில்லை.